கார்பன் மட்டையும் நானும்

"ஏத்தா, பச்சப்புள்ள கையில குடுக்கவா ஒம்பதாயிரம் போட்டு பிளேடு வாங்கிட்டு வந்திருக்க?"

டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போய்விட்டுத் திரும்பிய அன்று என் மாமியார் கேட்ட கேள்வி இது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. டேபிள் டென்னிஸ் ஆடுகிறவர்கள் பாஷையில் 'ப்ளேடு' என்றால் ரப்பர் ஒட்டாத வெறும் மரமட்டை. இரு பக்கமும் ரப்பர் ஒட்டிய பிறகுதான் அது 'பேட்'. போட்டிக்குப் போகிற பிள்ளைகள் இரண்டையும் தனித்தனியாக வாங்கி ஒட்டிக்கொள்வார்கள். இதை விளக்கிச் சொன்னதும் அத்தையிடமிருந்து அடுத்த கேள்வி வந்தது: "வெறும் கட்டைக்கா ஒம்பதாயிரம்?"

அன்று என்னிடம் பதில் இல்லை. இப்போது ஓரளவு இருக்கிறது. வளரும் பிள்ளையை ஏதாவது ஒரு ஆட்டத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் சகோதரிகளுக்கு உபயோகப்படலாம் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் சின்னவளுக்குப் பதின்மூன்று வயது. மூன்று வருஷமாக மதுரை கே.கே. நகர் பக்கம் ஒரு சின்ன கிளப்பில் ஆடுகிறாள். இரண்டே மேஜைகள். பந்தின் எடை 2.7 கிராம்தான், ஊதினாலே ஓடும். அதனால் ஃபேன் போடக் கூடாது. சித்திரை வெயிலில் உள்ளே போனால் இட்லிக் கொப்பரைக்குள் போன மாதிரிதான். ஆடி மாதம் ஜன்னலைத் திறந்து வைக்கலாம் என்றால், காற்று பந்தைத் தூக்கிக்கொண்டு போகும். இத்தனையும் பொறுத்துக்கொண்டு பிள்ளைகள் ஆடுகிறார்கள். அம்மாக்கள் வராந்தாவில் உட்கார்ந்து கீரை ஆய்கிறோம்.

அந்த வராந்தாவில்தான் வினை ஆரம்பித்தது. "எங்க புள்ளைக்கு கார்பன் வாங்கிட்டோம். இப்பல்லாம் கார்பன் இல்லாம யாரு ஆடுறா?" என்றார் ஓர் அம்மா. என் மகளிடம் இருந்தது ஐந்து அடுக்கு மரமட்டை. மூன்று வருஷம் அதில்தான் கற்றாள்; அதில்தான் வயதுப் பிரிவுப் போட்டியில் இரண்டு முறை அரையிறுதி வரை போனாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிள்ளைக்குக் குறை வைக்கிறோமோ?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தவிப்பில் பாதி என்னுடையது. நானும் ஆடினவள். சோழவந்தானிலிருந்து பஸ்ஸில் வந்து மதுரையில் கல்லூரி படித்தபோது மூன்று வருஷம் ஆடினேன். நான் சேர்ந்தபோது பந்தின் குறுக்களவு 38 மில்லிமீட்டர், ஒரு கேமுக்கு 21 பாயிண்ட். 2000-ல் பந்து 40 மில்லிமீட்டர் ஆயிற்று. 2001-ல் பாயிண்ட் 11 ஆயிற்று. வெளியூர்ப் போட்டி என்றால் அப்பா விடமாட்டார். பிறகு கல்யாணம். பேட் பரணுக்குப் போய்விட்டது. மகள் கையில் நல்ல மட்டை இருக்க வேண்டும் என்று நான் துடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். அப்போது அது எனக்கே புரியவில்லை.

கிரைண்டர் மாற்றுவதற்காகச் சீட்டு எடுத்து வைத்திருந்த பணம் இருந்தது. இவரிடம் சொன்னேன். "நீயும் ஆடினவ, உனக்குத் தெரியாததா?" என்றார். தெரிந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டுக் கடைக்குப் போனேன்.

வந்ததும் அடுப்படித் தராசில் வைத்துப் பார்த்தேன். வெறும் மட்டை 88 கிராம். ரப்பர்களை ஒட்டிய பிறகு 184. பழைய பேட் 166. பதினெட்டு கிராம் ஒரு பெரிய விஷயமா என்று தோன்றும். ஆயிரம் தடவை வீசுகிற கைக்கு அது பெரிய விஷயம்தான்.

மட்டையின் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மர அடுக்குகளுக்கு நடுவே இரண்டு கறுப்புக் கோடுகள். அதுதான் கார்பன். தலைமுடியைவிட எத்தனையோ மடங்கு மெல்லிய இழைகளைத் துணியாக நெய்து, பசையோடு மரத்துக்கு நடுவில் வைத்து அழுத்தியிருக்கிறார்கள். மட்டை முழுவதையும் கார்பனால் செய்துவிட முடியாது. சர்வதேச விதி இடம் கொடுக்காது. மட்டையின் கனத்தில் 85 சதவீதமாவது இயற்கை மரமாக இருக்க வேண்டும். ஓர் இழை அடுக்கு 0.35 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அந்தக் கோடுகளுக்குத்தான் அவ்வளவு விலை.

ரப்பர் ஒட்டும் பசையைப் பற்றி இங்கேயே ஒரு வார்த்தை. எங்கள் காலத்தில் சைக்கிள் பஞ்சர் சொல்யூஷனைத் தடவி ஒட்டுவோம். ரப்பர் உப்பி பந்து வேகமாகப் போகும். அந்த ஆவி மூக்கில் ஏறினால் தலை சுற்றும். ஆவியாகும் கரைப்பான் கலந்த அத்தகைய பசைகளை உடல்நலத்தைக் கருதி 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் முடிந்த கையோடு தடை செய்துவிட்டார்கள். இப்போது தண்ணீர் கலந்த பசை கிடைக்கிறது. அதையே கேட்டு வாங்குங்கள். பிள்ளைகளை சொல்யூஷன் பக்கம் விடாதீர்கள்.

முதல் இரண்டு நாள் வீட்டில் தீபாவளிதான். "அம்மா, சும்மா தொட்டாலே பறக்குது!" மூன்றாம் நாள் முதல் அவள் முகம் மாறிற்று. பந்து பறந்தது உண்மை. மேஜையைத் தாண்டியல்லவா பறந்தது! வலைக்கு அருகில் மெதுவாகத் தட்ட வேண்டிய பந்து எகிறிப் போய் எதிராளிக்கு அல்வாத் துண்டாக விழுந்தது. மூன்று வாரம் கழித்து ஒரு போட்டி. அதற்கு முன் இரண்டு தடவை ஜெயித்திருந்த ஒரு பெண்ணிடமே நேர் செட்டில் தோற்றாள். பஸ்ஸில் வீடு திரும்பும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. மாட்டுத்தாவணி தாண்டியபோது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே, "நாளையிலருந்து நான் வரலம்மா" என்றாள்.

என்னவோ செய்தது எனக்கு. பிள்ளை தோற்றதற்காக இல்லை. மூன்று வருஷம் ஆசையாகப் போன பிள்ளையை, ஆசையாக வாங்கிக் கொடுத்த ஒரு கட்டை மூன்றே வாரத்தில் இப்படிப் பேச வைத்துவிட்டதே!

மறுநாள் மாலை அந்த பேட்டை எடுத்துக்கொண்டு நானே கிளப்புக்குப் போனேன். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "மாஸ்டர், எனக்கு ரெண்டு பந்து போடுங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அது பெரிய மனசு.

முதல் பந்து எதிர்ச் சுவரில் போய் இடித்தது. இரண்டாவது கூரையில். மேஜையின் நீளம் 2.74 மீட்டர், எனக்கு அது ஒரு முழம்போலத் தெரிந்தது. மர பேட்டில் பந்து பட்டால் 'டொக்' என்று ஒரு சத்தமும், கைப்பிடி வழியாக லேசான ஓர் அதிர்வும் வரும். எங்கே பட்டது, எவ்வளவு அழுந்திற்று என்று கைக்குத் தெரிந்துவிடும், மாவு பதத்தை விரல் சொல்கிற மாதிரி. இந்த மட்டையில் 'டிக்' என்று ஒரு வறட்டுச் சத்தம். கைக்குத் தகவல் வருவதற்குள் பந்து போய்விட்டது.

ஒரு நல்லதையும் சொல்ல வேண்டும். மாஸ்டர் வேகமாக அடித்த பந்துக்கு நேரே மட்டையைச் சும்மா காட்டினேன். அடித்த வேகத்திலேயே அவர் பக்கம் திரும்பிப் போயிற்று. ஓரத்தில் பட்ட பந்துகூடச் சாகவில்லை. "கார்பனோட குணமே அதுதாம்மா" என்றார் மாஸ்டர். மட்டை விறைப்பாக இருப்பதால் பந்து படும்போது வளைவது குறைவு. பந்தின் வேகம் மட்டையில் வீணாகாமல் திரும்பிவிடுகிறது. நடுவில் மட்டுமல்லாமல் பரவலாக எங்கே பட்டாலும் துள்ளும். ஆனால் பந்து மட்டையில் தங்குவதே ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். மரமட்டை கொஞ்சம் வளைந்து கொடுப்பதால் பந்தைப் பிடித்துச் சுழற்றிவிடுகிற உணர்வு கைக்குக் கிடைக்கும். கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு வேண்டியது அந்த உணர்வுதான்.

பிறகு ஒரு சோதனை வைத்தார். எதிர்ப்பக்க மூலையில் ஒரு வெள்ளைத்தாளை விரித்தார், பரீட்சைக்குக் கொடுக்கிற அளவு. ஒரே மாதிரி இருபது பந்து போடுவார்; தாளில் எத்தனை விழுகிறது என்று எண்ண வேண்டும். மகளைச் சமாதானம் பண்ணி இரண்டு நாள் கழித்துக் கூட்டி வந்தேன். பழைய மர பேட்டில் அவளுக்கு 14. கார்பனில் 7. எனக்கு முறையே 9, 3. (என் கணக்கைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்!)

"வேகத்தை மட்டை குடுத்தா கை கத்துக்காது. இப்ப அவ பயந்து பயந்து பாதி வீச்சுல நிறுத்துறா. அது பழகிப்போச்சுன்னா மாத்தறது கஷ்டம்" என்றார் மாஸ்டர். பார்த்தேன், நிஜம்தான். பந்து வெளியே போய்விடுமோ என்ற பயத்தில் கையை முழுசாக வீசாமல் பாதியில் இழுத்துக்கொண்டிருந்தாள். "வாங்கறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என்று அவர் கேட்கவில்லை. நானே கேட்டுக்கொண்டேன்.

பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் கார்பன்தானே என்று பிள்ளைகள் கேட்பார்கள். முன்னணியில் பெரும்பாலோர் அப்படித்தான். நம் சரத் கமலையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு வயதிலிருந்து அப்பாவும் சித்தப்பாவும் சென்னையில் பழக்கிய கை அது. 2006-ல் மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம். பதினாறு வருஷம் கழித்து 2022-ல் பர்மிங்காமில், நாற்பது வயதில், மறுபடியும் தங்கம். 2025 மார்ச்சில் சென்னையிலேயே ஆடி விடைபெற்றார். அத்தனை வருஷப் பழக்கத்தின் மேல் வைக்கிற வேகம் வேறு; மூன்று வருஷக் கையின் மேல் ஏற்றுகிற வேகம் வேறு.

எனக்குப் பிடித்த கதை மணிகா பத்ராவுடையது. அவருடைய பேட்டின் ஒரு பக்கம் நீளமான முள் முள்ளான ரப்பர். அது பந்தின் வேகத்தைக் குறைத்து, சுழற்சியைக் குழப்பி அனுப்பும். 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில், அப்போது உலகின் நான்காம் இடத்தில் இருந்த சிங்கப்பூரின் ஃபெங் தியான்வெயை அவர் வென்றது அந்த பேட்டை வைத்துத்தான். ஒற்றையர் தங்கமும் குழுத் தங்கமும் வந்தன. இதை மகளிடம் சொன்னேன். "அப்ப மெதுவா அனுப்பியும் ஜெயிக்கலாமா?" என்று கேட்டாள். அன்றுதான் மறுபடி சிரித்தாள்.

நான் மட்டும் சும்மா இருந்தேனா? 'இந்தக் கட்டையை அடக்கிக் காட்டுகிறேன்' என்று ஒரு வாரம் அதனோடு மல்லுக்கட்டினேன். பந்து கைமீறிப் போகப் போக, பிடியை இறுக்கினேன். "மாவு பிசையற மாதிரி அமுக்காதீங்கம்மா" என்று மாஸ்டர் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். எட்டாம் நாள் தோசை திருப்ப முடியவில்லை. முழங்கையின் வெளிப்பக்கம் அப்படி ஒரு வலி. டாக்டர் பார்த்துவிட்டு 'டென்னிஸ் எல்போ' என்றார். டென்னிஸ் மட்டையையே பார்க்காத, துணி பிழிகிற, தண்ணீர்க் குடம் தூக்குகிற நமக்கெல்லாம் வருகிற வலிதான் அது. மூன்று வாரம் ஓய்வு, ஐஸ் ஒத்தடம், பிறகு முன்கைக்கு லேசான பயிற்சிகள். சரியாகிவிட்டது.

பிள்ளைகள் விஷயத்தில் இதை லேசாக விடாதீர்கள். வளரும் வயதில் எலும்பு முனைகள் இன்னும் குருத்தாக இருக்கும். மணிக்கட்டு, முழங்கை, தோள் எங்கே வலிக்கிறது என்றாலும் ஆட்டத்தை நிறுத்தி ஓய்வு கொடுங்கள். வலி நீடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள். ஆடுவதற்கு முன் பத்து நிமிஷம் கை காலை அசைத்து உடம்பைச் சூடேற்றிக்கொள்வது எந்த மட்டையைவிடவும் முக்கியம். வெறுங்காலோடும் செருப்போடும் ஆடவிடாதீர்கள். நம்மூர் வியர்வைக்குத் தண்ணீர் பாட்டில் கட்டாயம்.

மட்டை வாங்கப் போகிறவர்களுக்கு: முதல் சில வருஷம் ஐந்து அடுக்கு மரமட்டை போதும். கைப்பிடி பிள்ளையின் கைக்கு அடங்குகிறதா என்று பாருங்கள். கையில் பணம் இருந்தால் ரப்பருக்குச் செலவழியுங்கள். ரப்பர் தேய்ந்து வழுக்க ஆரம்பித்தால் எந்த மட்டையும் உதவாது. ஆடி முடித்ததும் ஈரத்துணியால் ரப்பரைத் துடைத்துவிட்டு உறையில் போட வேண்டும். எங்கள் ஊர்ப் புழுதிக்கு இது இல்லாமல் ஆகாது. வெயிலில் நிறுத்திய ஸ்கூட்டர் பெட்டிக்குள் மட்டும் பேட்டை வைத்துவிடாதீர்கள். மே மாதம் மதிய நேரத்தில் நான் ஒருமுறை வைத்தேன். எடுத்துப் பார்த்தால் ரப்பர் ஓரம் அப்பளம்போலத் தூக்கிக்கொண்டு நின்றது.

கார்பன் மட்டையிலிருந்த ரப்பர்களை உரித்து மகளின் பழைய மர பேட்டில் மாஸ்டரே ஒட்டிக் கொடுத்தார். ஒரு மாதத்தில் கை மறுபடி முழுசாக வீச ஆரம்பித்தது. அடுத்த போட்டியில் இரண்டு ஆட்டம் ஜெயித்து, மூன்றாவதில் தோற்றாள். வரும் வழியில் பஸ்ஸில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள், தோற்ற ஆட்டத்தைப் பற்றித்தான்.

கார்பன் மட்டை பழைய சுங்குடித் துணியில் சுற்றி என் பீரோவில், பட்டுச் சேலைகளுக்கு நடுவில் இருக்கிறது. இன்னும் இரண்டு மூன்று வருஷம் போகட்டும், மரம் எங்கேயும் ஓடிவிடாது என்கிறார் மாஸ்டர். பரணில் கிடந்த என் கல்லூரி பேட்டுக்குப் புது ரப்பர் போட்டிருக்கிறேன். செவ்வாய், சனி சாயங்காலம் ஒரு மணி நேரம் நானும் ஆடுகிறேன். ஐந்து பாயிண்ட் முன்னால் கொடுத்துவிட்டும் சின்னவள் என்னை ஜெயித்துவிடுகிறாள். வராந்தா அம்மாக்களில் இன்னும் இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். கீரையை அவரவர் வீட்டிலேயே ஆய்ந்துகொள்கிறோம்.

கிரைண்டர்தான் பழையபடி பெல்ட் நழுவிக்கொண்டு ஓடுகிறது. ஒவ்வொரு தடவை அது நிற்கும்போதும், "அந்தப் பிளேட எடுத்துட்டு வாத்தா, இதுலயாவது மாட்டிப் பாப்போம்" என்கிறார் அத்தை. அடுத்த சீட்டு தை மாதம்.