லாலானை அடக்கும் கொடிகள்

லாலான் புல்லை அறியாத தோட்டத் தொழிலாளர் இலர். எத்தனை முறை வெட்டினாலும், மண்ணுக்குள் ஓடும் அதன் தண்டு மீண்டும் துளிர்க்கும். பாராகுவாட் என்னும் நஞ்சும் இலையை மட்டுமே கருக்கிற்று. ஆகவே திரும்பத் திரும்பத் தெளிக்க நேர்ந்தது. அந்த மருந்துப் பம்பைத் தோட்டங்களில் முதுகில் சுமந்தோருள் நம் பெண்கள் பலர். அதை விழுங்கினோர்க்கு மாற்று மருந்து கிடையாது. 2020 சனவரி 1 முதல் நம் நாட்டில் அது தடை செய்யப்பட்டுள்ளது. பழைய கொட்டகையில் எஞ்சியிருக்கக் கண்டால் தொடாமல் நிருவாகத்திடம் கூறுங்கள். வடிகாலில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.

முற்காலத்தில் ஒரு புல்லும் இன்றிச் செதுக்குவதே நல்ல வேலை எனத் துரைமார் கருதினர். மழையில் மேல்மண் ஆற்றுக்குப் போயிற்று! பின்னர், 1925-இல் அமைந்து, கிள்ளான் பள்ளத்தாக்கின் சுங்கை பூலோவில் சோதனைத் தோட்டம் நடத்திய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், மூடுபயிரைப் பரிந்துரைத்தது.

லாலானைத் தண்டோடு தோண்டியெடுத்தபின், புவேரேரியா, சென்ட்ரோசீமா, கலப்போகோனியம் ஆகிய அவரையினக் கொடிகளை இளமர வரிசைகளுக்கிடையே விதைப்பர். கொடி படர்ந்தால் லாலான் வெயிலின்றி மெலியும். கொடியின் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். முதற் சில மாதங்கள் கையால் களையெடுத்தே ஆகவேண்டும். கொடி இளமரத்தில் ஏறிச் சுற்றாதபடி, அடிமரத்தைச் சுற்றி வட்டமாக வெட்டிவிடுங்கள்.