ஐயம் அகற்றிய ஓவியம்

பிற பறவைகளின் கூட்டில் முட்டையிடுவது ஐரோப்பாவின் குக்கூக் குயிலின் இயல்பு. குயில்குஞ்சு பொரித்த சில நாள்களில், கூட்டிற்குரிய குஞ்சுகள் காணாமற்போகும். அதன் காரணம் நெடுங்காலம் விளங்கவில்லை.

1788ஆம் ஆண்டு எட்வர்டு ஜென்னர் இதற்கு விடையளித்தார். பின்னாளில் பெரியம்மைத் தடுப்பூசியால் புகழ்பெற்ற ஆங்கிலேய மருத்துவர் இவர். குயில்குஞ்சே பிற முட்டைகளையும் குஞ்சுகளையும் முதுகில் ஏற்றி வெளியே தள்ளுகிறது என்றும், அதற்கேற்ற பள்ளம் அதன் முதுகில் உள்ளது என்றும், ஏறத்தாழ 12 நாளில் அப்பள்ளம் மறைகிறது என்றும் எழுதினார். கண் திறவாத குஞ்சுக்கு இத்துணை வலிமையா எனப் பலர் நம்ப மறுத்தனர்.

ஸ்காட்லாந்து ஓவியர் ஜெமீமா பிளாக்பர்ன், நெட்டைக்காலிப் பறவையின் கூடொன்றைக் கூர்ந்து நோக்கினார். வெளியே கிடந்த குஞ்சை எடுத்து மீண்டும் கூட்டிலிட்டார். இறகு முளைக்காத குயில்குஞ்சு அதனடியில் முதுகைச் செலுத்தி, பின்னோக்கி ஏறி, விளிம்புக்கு அப்பால் தள்ளியது. கண்டதை அவர் அப்படியே வரைந்தார். 1872இல் 'நேச்சர்' இதழுக்கும் எழுதினார்.

அதுவரை வேறு கருத்துக் கொண்டிருந்த பறவையியலாளர் ஜான் கூல்டு, அவ்வோவியத்தைக் கண்டு தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அதனைத் தழுவிய படத்தைத் தம் 'பிரிட்டனின் பறவைகள்' நூலில் அச்சிட்டார். ஜென்னரின் சொற்கள் ஏறத்தாழ 80 ஆண்டுகளாகப் பெறாத ஏற்பை, நேரில் கண்டு வரைந்த ஓவியம் பெற்றுத்தந்தது.