வறுத்த புண்ணாக்கும் ஏறிய எண்களும்

உணவுப் பொதிகளின் முகப்பில் நிரம்பிய கொழுப்பு, சீனி, சோடியம் ஆகியவற்றின் மிகுதியைக் காட்டும் குறியீட்டைப் பொறிக்கக் கனேடிய அரசு விதித்த கெடு 2026 ஜனவரி 1 ஆகும். இதையொட்டி யூனியன்வில், மார்க்கம் பகுதி வாசகர்கள் எழுதும் மடல்களோ, அக்குறியீட்டுக்குத் தொடர்பே இல்லாத ‘அன்டிஒக்சிடன்ட்’ என்ற சொல்லைச் சுற்றியே குழம்புகின்றன. ஒட்சியேற்ற எதிரி எனத் தமிழில் வழங்கும் இச்சேர்மம் உடலைக் காப்பது என்பது விளம்பரத்தின் வரைவிலக்கணம். ஆய்வுகூடத்திலோ, குறித்த ஒரு சோதனைத் திரவத்தின் நிறத்தை மாற்றிவிட்டாலே ஒரு பொருளுக்கு அப்பெயர் கிடைத்துவிடுகிறது.

எடுத்துக்காட்டாக, கனோலா விதையில் எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் புண்ணாக்கைப் பார்ப்போம். அதில் மிகுந்திருக்கும் பீனோல் வகைச் சேர்மம் சினாபின். அது பிளவுண்டு சினாபிக் அமிலத்தைத் தர, அவ்வமிலம் வறுக்கும் வெப்பத்தில் ஒரு காபனீரொட்சைட்டு மூலக்கூறை இழந்து, அதாவது 224 என்ற மூலக்கூற்று நிறையில் 44ஐ உதிர்த்து 180 ஆகி, கனோலோல் என்னும் புதிய சேர்மமாகிறது. இழப்பு சிறிதெனினும், நீரை நாடிய பொருள் எண்ணெயை நாடுவதாக மாறிவிடுவதால், விதையை வறுத்துப் பிழிந்தால் அது புண்ணாக்கில் தங்காமல் எண்ணெயோடு போய்விடுகிறது. எள்ளை வறுக்கும்போது செசமோலின் உடைந்து செசமோல் பிறப்பதும் இதையொத்ததே. ஆயினும் ஏறத்தாழ 160 பாகை செல்சியசைத் தாண்டி வறுபட்டால், உருவான கனோலோலே ஆவியாகியும் தன்னோடு தானே பிணைந்தும் குறையத் தொடங்குகிறது.

வெப்பம் ஒட்சியேற்ற எதிரிகளைப் ‘பெருக்குகிறது’ என்ற ஆலைத்தரப்புக் கூற்று ஐயத்துக்குரியதாவது இவ்விடத்தில்தான். மொத்தப் பீனோலை அளக்கப் பரவலாகக் கையாளப்படும் ஃபோலின் சோதனையில் பீனோல்கள் திரவத்தை நீலமாக்குகின்றன. ஆனால் சீனியும் அமினோ அமிலமும் வெப்பத்தில் கூடிப் பிறக்கும் மயாட் விளைபொருள்களும், அதாவது பாண் மேலோட்டின் பழுப்புக்குக் காரணமானவையும், அதே நீலத்தைத் தருகின்றன. ஆகவே பீனோல் குறைந்தபோதும் எண் ஏறலாம். அந்தப் பழுப்புக்கு விலையாகச் செலவாவது லைசின் என்னும் அமினோ அமிலம். கழிவு என்று பேசப்படும் புண்ணாக்கு உண்மையில் மாடு, பன்றி, கோழிகளின் புரதத் தீவனமாக விற்கப்படுவதால், அவ்விழப்பு சிறியதன்று. எண்ணெயைப் பிரிக்கப் பயன்பட்ட ஹெக்சேன் கரைப்பானை அகற்ற ஆலைகள் புண்ணாக்கை நீராவியால் ஏறத்தாழ 95 முதல் 115 பாகை வரை சூடாக்கும்போதே இவ்வினை தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு சேர்மத்தையும் தனித்தனியே பிரித்து அளக்காத எந்த ‘உயர்வையும்’ நம்புவதற்கில்லை.

கடையில் விற்கும் சுத்திகரித்த கனோலா எண்ணெயில் கனோலோல் அநேகமாக எஞ்சுவதில்லை. சுத்திகரிப்பே அதைப் பெரும்பாலும் அகற்றிவிடுகிறது.

சிட்டையில் ‘அன்டிஒக்சிடன்ட்’ என எழுதுவதற்குக் கனேடிய விதிகள் ஏற்கும் வாசகங்கள் விற்றமின் ஈ போன்ற குறித்த ஊட்டச்சத்துகளைப் பற்றியவை.

புதிய முகப்புக் குறியீடு இவற்றுள் எதையும் அளப்பதில்லை.