பழகுபவரின் பிழையைப் பொறுக்கும் விமானம்

பயிற்சி விமானத்தை வடிவமைப்பவர் வேகத்தைத் துரத்துவதில்லை. ஓட்டப் பழகும் மாணவர் விமானத்தை ஓடுபாதையில் தொப்பென்று போடுவார். மூக்கை அளவுக்கு மேல் தூக்கி வேகத்தை இழப்பார். சக்கரக் கால்கள் அந்த அடியை நாள்தோறும் தாங்க வேண்டும். இறக்கை தூக்குவிசையை இழக்கும் முன்பே விமானம் குலுங்கி எச்சரிக்க வேண்டும். கட்டணம் மணிக்கணக்கில் என்பதால் பெட்ரோல் செலவும் கட்டுக்குள் இருக்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்தியாவில் விமான வேலை என்றால் பெரும்பாலும் பழுதுபார்ப்புதான். திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையே பிரிட்டிஷ் விமானப்படையின் போர் விமானங்களைச் செப்பனிட்டுக் கொடுத்தது. வடிவமைப்பு வேறு வித்தை. அதில் பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் முன்னே சென்றது. வி. எம். காட்கே வடிவமைத்த எச்.டி.-2 பயிற்சி விமானம் அங்கே 1951 ஆகஸ்டில் பறந்தது. முன்னும் பின்னுமாக இருவர் அமரும் அந்த உலோக விமானம் சுமார் 170 கட்டப்பட்டது.

பின்னர் வந்த முக்கிய முயற்சிகளில் ஒன்று பெங்களூரில் உள்ள தேசிய விண்வெளி ஆய்வகத்தின் ஹன்சா. அதன் முதல் வடிவம் 1993 நவம்பரில் பறந்தது. திருத்திய ஹன்சா-3 மூன்றாண்டு கழித்து வந்தது. இதில் ஆசிரியரும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறார்கள். மாணவரின் கை எங்கே தயங்குகிறது என்பது ஆசிரியருக்கு நேராகத் தெரியும். உடல் உலோகமல்ல, கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்து அச்சில் படிய வைத்தது. ரிவெட் வரிசை இல்லாததால் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும், காற்றின் தடை குறையும்.

ஹன்சா பின்பற்றிய ஐரோப்பிய விதி கறாரானது: இருக்கை இரண்டுக்கு மேல் கூடாது, எடை 750 கிலோவைத் தாண்டக் கூடாது, மணிக்கு சுமார் 83 கிலோமீட்டர் வரை வேகம் குறைந்தாலும் விமானம் சரியக் கூடாது. கூட்டும் ஒவ்வொரு வசதியும் எடையில் வந்து நிற்கும் என்பதால், வடிவமைப்பின் பெரும்பாதி வேண்டாம் என்று சொல்வதிலேயே கழிகிறது. 2000-இல் சான்றிதழ் கிடைத்தது. தயாரிப்பில் ஓசூரை அடுத்த பேளகொண்டப்பள்ளியின் தனேஜா ஏரோஸ்பேஸ் பங்கேற்றது. ஆனாலும் ஃபிளையிங் கிளப்புகளுக்குப் போனவை ஏறக்குறைய ஒரு டஜன்தான். குறை வடிவமைப்பில் இல்லை. ஆய்வகம் தொழிற்சாலை அல்ல, அவ்வளவே.

புதிய தலைமுறை ஹன்சா 2021 செப்டம்பர் 3 அன்று பறந்தது. முள் காட்டும் மானிகளுக்குப் பதில் மின்னணுத் திரைகள், கணினி எரிபொருளை அளந்து செலுத்தும் ஆஸ்திரிய ரோட்டாக்ஸ் என்ஜின். 2022 பிப்ரவரியில் அது சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பெங்களூரிலிருந்து புதுச்சேரிக்குப் பறந்து வந்தது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். காற்று அங்கே இலேசு. கரையோரத்து அடர்ந்த காற்றில் என்ஜின் கூடுதல் விசை தரும், இறக்கை கூடுதலாகத் தூக்கும், சூடும் மாறும். ஆகவே மேலேறும் வேகம், தரையிறங்கப் போய்க் கைவிட்டு மீண்டும் எழும்புதல், என்ஜின் சூடு எல்லாம் புதுச்சேரியில் மறுபடி அளக்கப்பட்டன. சோதனை மார்ச் 5 அன்று முடிந்தது. தயாரிப்பை இம்முறை தனியார் நிறுவனம் ஏற்கிறது.