நாமக்கல் பாறையும் நிலவின் மண்ணும்

நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் வெளிர்நிறப் பாறை ஒன்று நிலத்துக்கு மேலேயே தலைகாட்டிக்கொண்டிருக்கிறது. அனார்தோசைட் என்று பெயர். வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். பூமியில் இது அதிகம் கிடைக்காது. நிலவிலோ, நம் கண்ணுக்கு வெண்மையாகத் தெரியும் மேட்டுநிலங்களில் பெரும்பகுதி இந்த இனப் பாறைதான். நிலவு மண்ணுக்கு மாதிரி தேடிய இஸ்ரோ இந்த ஊர்களுக்கு வந்ததற்கு அதுவே காரணம்.

அபோலோ வீரர்கள் ஆறு பயணங்களில் கொண்டுவந்த பாறையும் மண்ணும் மொத்தமே 382 கிலோ. அதை ஆய்வாளர்களுக்கு கிராம் கணக்கில்தான் அளந்து கொடுக்கிறார்கள். தரையிறங்குகலத்தையும் ஊர்தியையும் சோதிக்க வேண்டுமென்றால் டன் கணக்கில் மண் தேவை. அமெரிக்காவில் அரிசோனாவின் எரிமலைச் சாம்பலிலிருந்து செய்த மாதிரி மண் உண்டு. ஆனால் அது நிலவின் கருத்த சமவெளிகளைப் போன்றது. சந்திரயான் போக வேண்டிய மேட்டுநிலத்துக்குப் பொருந்தாது. எனவே சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறையும் திருச்சி என்.ஐ.டி.யும் இஸ்ரோவுடன் கைகோத்தன. வெட்டியெடுத்த பாறையை உடைத்து, அரைத்து, நிலவு மண்ணின் பருமனுக்கேற்பச் சலித்துக் கலந்தார்கள். சுமார் 50 டன் பெங்களூரு போய்ச் சேர்ந்தது. 2014-ல் விண்ணப்பித்த காப்புரிமை 2020-ல் கிடைத்தது.

அந்த மண்ணைப் பரப்பிய சோதனைக்கூடத்தில் ஊர்தியை ஓட்டிப் பார்த்தார்கள். மண் நிலவைப் போல இருந்தால் போதுமா, எடையும் ஆறில் ஒரு பங்காகக் குறைய வேண்டுமே? அதற்கு ஹீலியம் பலூனை ஊர்தியில் கட்டி மேலே இழுக்க வைத்தார்கள். எளிய உத்திதான், வேலை செய்தது.

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3-இன் தரையிறங்குகலமான விக்ரம் நிலவில் இறங்கியபோது, அதன் எஞ்சின் புகை சுமார் 2 டன் மேல்மண்ணைக் கிளறி அப்புறப்படுத்தியது என்று பிற்பாடு இஸ்ரோ கணக்கிட்டது. இப்படிக் கிளம்பும் புழுதி அக்கம்பக்கத்தையும் விட்டுவைக்காது. 1969-ல் அபோலோ 12 இறங்கிய இடத்திலிருந்து ஏறக்குறைய 160 மீட்டர் தள்ளி நின்ற பழைய சர்வேயர் 3 கலத்தின் மேற்பரப்பை அந்தப் புழுதி உராய்ந்து தேய்த்திருந்தது.

விக்ரமிலிருந்து இறங்கிய பிரக்யான் ஊர்தி, 23 இடங்களில் மண்ணின் தனிமங்களை அளந்தது. அந்த அளவீடுகள் அனார்தோசைட்டுக்கு நெருக்கமான கலவையையே காட்டின. நாமக்கல் பாறையைத் தேர்ந்தெடுத்த கணிப்பு சரி.

ஆனால் கலவை மட்டுமே மண் ஆகிவிடாது. நிலவில் காற்றில்லை, தண்ணீர் இல்லை. துகளின் முனையை மழுக்க ஏதுமில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளாக நுண்கற்கள் வந்து மோதுகின்றன. மோதும் இடத்தில் மண் உருகி, அக்கம்பக்கத் துகள்களை ஒட்டிக்கொண்டு கண்ணாடியாக உறைகிறது. துகள்களின் மேல் மிக நுண்ணிய இரும்புப் பொட்டுகள் படிகின்றன. உடைந்த கண்ணாடி போன்ற அந்தத் தூசி விண்வெளி உடையைத் தேய்த்தது, எதில் பட்டாலும் ஒட்டியது. அபோலோ 17-ல் சென்ற நிலவியலாளர் ஹாரிசன் ஷ்மிட்டுக்குத் தூசிக் காய்ச்சல்போல மூக்கடைத்தது. பாறையை ஆலையில் அரைத்து இதைச் செய்துவிட முடியாது.

இந்த வேறுபாடு எங்கே வெளிப்பட்டது என்றால், செடியில். புளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்னா-லிசா பால், ராபர்ட் ஃபெர்ல் குழுவினர் அபோலோ 11, 12, 17 மண்ணில், செடிக்கு ஏறக்குறைய ஒரு கிராம் வீதம் எடுத்து, அரபிடாப்சிஸ் என்னும் சிறு செடியின் விதைகளை விதைத்தார்கள். ஒப்பீட்டுக்கு எரிமலைச் சாம்பல் மாதிரி மண். 2022-ல் முடிவு வெளியானது: இரண்டிலும் விதைகள் முளைத்தன. சில நாட்களிலேயே உண்மையான நிலவு மண்ணில் நின்றவை சுணங்கின. வேர் குன்றியது, சில இலைகள் செம்மை பாய்ந்தன. நெடுங்காலம் மேற்பரப்பில் கிடந்து மோதல்களை வாங்கிய அபோலோ 11 மண்ணில்தான் தவிப்பு அதிகம். மாதிரி மண்ணை மட்டும் நம்பியிருந்தால் இது தெரிந்திருக்காது.

அந்த இரும்புப் பொட்டுகளால் நன்மையும் உண்டு. டென்னசி பல்கலைக்கழக நிலவியலாளர் லாரி டெய்லர், அபோலோ மண்ணில் சிறிதளவை மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தார். அரை நிமிடத்துக்குள் உருகிவிட்டது. இதே முறையில் நிலவிலேயே மண்ணை இறுக்கித் தரைத்தளமும் பாதையும் போடலாம் என்பது அவர் யோசனை. விக்ரம் கிளப்பிய 2 டன்னை நினைத்தால், இறங்குதளத்தின் அவசியம் புரியும்.

ஆக்சிஜனும் மண்ணுக்குள்தான் இருக்கிறது, எடையில் 40 சதவீதத்துக்கு மேல். தாதுக்களில் பிணைந்து கிடப்பதால் சும்மா வராது. கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உருகிய கால்சியம் குளோரைடில் 950 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் மின்சாரம் செலுத்தி, 96 சதவீத ஆக்சிஜனைப் பிரித்தார்கள். மிஞ்சியது உலோகப் பொடி. அவர்கள் பயன்படுத்தியதும் மாதிரி மண்தான். இத்தகைய செய்திகளைப் படிக்கும்போது, எந்த மண்ணில் என்று ஒரு கேள்வியைக் கையோடு வைத்திருப்பது நல்லது.

நம்மிடம் இன்னும் சொந்தமாக நிலவு மண் இல்லை. சீனா 2020-ல் சாங்'இ-5 மூலம் 1,731 கிராமும், 2024-ல் சாங்'இ-6 மூலம் நிலவின் மறுபக்கத்திலிருந்து 1,935 கிராமும் எடுத்து வந்துவிட்டது. மண்ணை அள்ளி வரும் சந்திரயான்-4 திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. ஒதுக்கீடு 2,104 கோடி ரூபாய்.