முகமது அலியைச் சாய்த்த இடது கை

1980-ம் ஆண்டின் தொடக்கத்தில் முகமது அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் குத்துச்சண்டைக் காட்சிப் போட்டிக்காக அவர் எதிரே நின்றவர் ஜிம்மி எல்லிஸ். இருவரும் அமெரிக்காவின் லூயிவில் நகரத்துக்காரர்கள். இருவருமே ஹெவிவெயிட் உலகப் பட்டத்தைக் கையில் வைத்திருந்தவர்கள். இன்னொரு ஒற்றுமையும் அவர்களுக்கு உண்டு. இருவரையும் ஒரே ஆளின் இடது ஹூக் தரையில் விழவைத்திருக்கிறது. அந்த ஆள் ஜோ ஃப்ரேசியர்.

உலகத்திலேயே சிறந்த இடது ஹூக் யாருடையது? குத்துச்சண்டை ரசிகர்கள் கூடினால் இந்த வழக்கு சீக்கிரம் ஓயாது. தலைமுறை தலைமுறையாகப் பரம்பரை சொல்லிக் குத்துச்சண்டை போட்ட வட சென்னைக்கு இந்தப் பேச்சு பழக்கம். 2021-ல் வந்த ‘சார்பட்டா பரம்பரை’ படம், குத்துச்சண்டை மேடையைப் பார்த்தே இராத ஊர்களுக்கும் அந்த உலகத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

வழக்கைத் தீர்க்கும் முன் அந்தக் குத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். வலக்கைக்காரர் இடது காலை முன்னால் வைத்து நிற்பார். இடது கை எதிரிக்குப் பக்கத்தில் இருக்கும். முழங்கையை மடக்கியபடி, பக்கவாட்டிலிருந்து சுழற்றி அடிப்பதுதான் இடது ஹூக். பார்ப்பவருக்குக் கை மட்டும்தான் தெரியும். பலம் வருவதோ காலிலிருந்து. முன்னங்கால் திரும்ப, இடுப்பு திரும்ப, தோள் திரும்ப, கடைசியாகத்தான் முஷ்டி போய் இறங்கும். நேராக வரும் குத்தைக் கண் பார்த்துவிடும். ஹூக் பார்வையின் ஓரத்திலிருந்து வருவதால் தலையை விலக்க நேரம் கிடைப்பதில்லை. தாடையில் பட்டால் தலை சட்டென்று திரும்பி மூளை குலுங்கும், ஆள் நிலைகுலைவார்.

தாடை மட்டுமே அதன் இலக்கு அல்ல. மனிதனுக்குக் கல்லீரல் வலப்பக்கம் இருக்கிறது. எதிரே நிற்பவரின் இடது கைக்கு அது நேர் வழி. 2004 செப்டம்பரில் லாஸ் வேகாஸில் பெர்னார்ட் ஹாப்கின்ஸ் ஒன்பதாவது சுற்றில் அங்கே ஒரு இடது ஹூக் இறக்கினார். ஆஸ்கர் டி லா ஹோயா முழு நினைவோடுதான் இருந்தார். ஆனாலும் நடுவர் பத்து எண்ணி முடிக்கும்வரை அவரால் எழுந்திருக்க முடியவில்லை.

ஒற்றைக் குத்து என்று பார்த்தால் முதலிடம் கேட்பவர் சுகர் ரே ராபின்சன். 1957 ஜனவரியில் ஜீன் ஃபுல்மரிடம் பட்டத்தை இழந்தவர், அதே ஆண்டு மே 1-ம் தேதி சிகாகோவில் அவரை மறுபடி சந்தித்தார். ராபின்சனுக்கு 36 வயது நிறைய இன்னும் இரண்டே நாள். ஐந்தாவது சுற்றில் பின்வாங்கிக்கொண்டே ஒரு இடது ஹூக் வீசினார். அதுவரை யாரும் நாக்-அவுட் செய்திராத ஃபுல்மர் விழுந்தார், எழவில்லை. குறை காண முடியாத குத்து என்று இன்றுவரை அதைத்தான் சொல்கிறார்கள்.

இங்கிலாந்துக்காரர்கள் ஹென்றி கூப்பரின் பெயரை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். கூப்பர் இயல்பில் இடக்கைக்காரர். ஆனாலும் வலக்கைக்காரர் போல நின்று சண்டை போட்டார். அதனால் அவருடைய பலமான கையே முன்கையாக அமைந்தது. 1963 ஜூன் 18 அன்று வெம்ப்ளியில் நான்காவது சுற்று முடியும் நேரத்தில், அப்போது காசியஸ் கிளே என்ற பெயரில் இருந்த அலியை அந்தக் கை சாய்த்தது. மணி அடித்து அலி தப்பினார். அடுத்த சுற்றில் கூப்பரின் கண்ணருகே வெட்டுப்பட்டு ரத்தம் கொட்டவே போட்டி நிறுத்தப்பட்டது.

ஃப்ரேசியரின் கதை வேறு. பெரம்பலூர், அரியலூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அவருடைய இளமைக்காலம் அந்நியமாகத் தெரியாது. தென் கரோலினாவில் பியூஃபோர்ட் பகுதியில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். தொலைக்காட்சியில் குத்துச்சண்டை பார்த்த ஆசையில் சாக்கு ஒன்றை எடுத்தார். கந்தல் துணி, மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிரின் சக்கை, நடுவில் ஒரு செங்கல் என்று திணித்து மரக்கிளையில் கட்டினார். மக்காச்சோளத்தில் தமிழ்நாட்டின் முன்னணியில் நிற்கும் பெரம்பலூரில், அந்தச் சாக்குக்கு வேண்டியதெல்லாம் களத்திலேயே கிடைக்கும்.

சிறுவயதில் ஒரு பெரிய பன்றி துரத்த, ஓடி விழுந்ததில் அவருடைய இடது கை அடிபட்டது. மருத்துவரிடம் போக வசதியில்லை. கை தானாகக் கூடியது. ஆனால் மடங்கியே கூடியது. அதன்பின் அந்தக் கையை அவரால் முழுதாக நீட்ட முடிந்ததே இல்லை. நீட்ட முடியாத கைக்கு ஹூக்தான் இயல்பான குத்தாக அமைந்தது.

1970 பிப்ரவரி 16 அன்று அந்தக் கை நான்காவது சுற்றில் எல்லிஸை இரண்டு முறை வீழ்த்தியது. ஐந்தாவது சுற்றுக்கு அவரை அனுப்ப பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டீ மறுத்துவிட்டார். அடுத்த ஆண்டு மார்ச் 8 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அதே டண்டீ, ஃப்ரேசியரோடு மோதிய அலியின் மூலையில் நின்றார். அலியும் ஃப்ரேசியரும் அதுவரை தோற்றதே இல்லை.

ஃப்ரேசியர் பக்கம் பயிற்சியாளர் எடி ஃபட்ச் இருந்தார். அலி வலக்கையால் கீழிருந்து மேலே அப்பர்கட் வீசும்போது அந்தக் கை கீழே இறங்குவதையும், வலது தாடைக்குக் காவல் இல்லாமல் போவதையும் கவனித்து வைத்திருந்தவர் அவர். அந்த நொடியில் இடது ஹூக் போடு என்பதே திட்டம். பதினைந்தாவது சுற்றில் ஃப்ரேசியர் தாழ்ந்து, கீழேயிருந்து கிளப்பிய ஹூக் அலியின் தாடையில் இறங்கியது. அலி மல்லாந்து விழுந்தார். சில நொடிகளில் எழுந்து சுற்றை முடித்தாலும் மூன்று நடுவர்களும் ஃப்ரேசியருக்கே வெற்றி கொடுத்தார்கள். அலியின் தொழில்முறை வாழ்க்கையில் அதுதான் முதல் தோல்வி.

ஃப்ரேசியரின் அந்தக் கைக்கும் பலவீனம் உண்டு. ஹூக் போட எதிரியை நெருங்கியாக வேண்டும். 1973 ஜனவரியில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஜார்ஜ் ஃபோர்மன் அவரை நெருங்கவிடாமல் தள்ளித் தள்ளி, இரண்டே சுற்றில் ஆறு முறை வீழ்த்தினார். ஃப்ரேசியருக்கு எதிராக வாதிடுபவர்களின் முதல் சாட்சி இந்தப் போட்டிதான்.

ஆனாலும் தீர்ப்பு அவர் பக்கமே. மிகச் சிறந்த ஒரு குத்து எது என்ற கேள்விக்கு ராபின்சன்தான் பதில், அதில் மறுபேச்சில்லை. மிகச் சிறந்த இடது ஹூக்குக்காரர் யார் என்பது வேறு கேள்வி. அந்தக் குத்து வரும் என்று தெரிந்தே எதிரிகள் மேடை ஏறினார்கள். தெரிந்தும் தடுக்க முடியவில்லை. பதினான்கு சுற்று அடி வாங்கிக் களைத்த பிறகும் அது முதல் சுற்றின் வேகத்தோடு வந்தது. அந்தப் பெருமை ஃப்ரேசியர் ஒருவருக்கே.

1971 போட்டியின் படக்காட்சி இன்று யாருக்கும் கைபேசியிலேயே கிடைக்கிறது. பார்ப்பவர்கள் ஃப்ரேசியரின் கையை விட்டுவிட்டு, பதினைந்தாவது சுற்றில் அவருடைய காலையும் இடுப்பையும் கவனிக்கட்டும். பார்த்த உற்சாகத்தில் வீட்டில் சாக்கு கட்ட நினைக்கும் பிள்ளைகள், முதலில் ஒரு நல்ல பயிற்சியாளரைத் தேடிப் போகட்டும்.