ஏழை சொல்லும் அம்பலம் ஏற வேண்டும்

"ஏழை சொல் அம்பலம் ஏறாது" என்பது நம் முன்னோர் பழமொழி. அம்பலம் என்பது ஊர் கூடி நியாயம் பேசும் இடம். இன்று அந்த இடத்தில் இருப்பது நீதிமன்றம். அங்கே ஏழையின் சொல் ஏற வேண்டுமானால், அதை முறையாக எடுத்துச் சொல்ல ஒரு வழக்கறிஞர் வேண்டும். அவருக்குக் கட்டணம் கொடுக்க இயலாதவர் என்ன செய்வார்? இதனை நாம் சற்று ஆராய்வோம்.

நம் நாட்டுச் சட்டம் ஏழைகளை மறந்துவிடவில்லை. 1976-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் 39-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. பணமில்லாத காரணத்தால் எவருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது, அரசு இலவசச் சட்ட உதவி வழங்க வேண்டும் என்று அது கூறுகிறது. இதை நடைமுறைப்படுத்த 1987-இல் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள், காவலில் இருப்போர், குறைந்த வருமானமுடையோர் ஆகியோர் இதன்படி உதவி பெறலாம். பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பின்றி உதவி பெறலாம் என்பதை நம் தாய்மார்கள் பலர் அறியமாட்டார்கள். 15100 என்ற தொலைபேசி எண்ணில் கேட்டால் வழி சொல்வார்கள்.

அப்படியானால் வழக்கறிஞர்கள் தாமாக முன்வந்து உதவ வேண்டிய தேவை என்ன என்று சிலர் கேட்கலாம். ஆணையம் அமர்த்தும் வழக்கறிஞருக்கு அரசு மதிப்பூதியம் தருகிறது. அது நல்ல ஏற்பாடே. ஆனால், பெரும்பாலும் உதவி கேட்டு வருபவருக்கே அது சென்று சேர்கிறது. கேட்கவே தெரியாதவரைத் தேடிச் செல்ல, மனமுவந்து செய்யும் தொண்டர் தேவை. இதற்கு ஒரு வரலாறு சான்றாக இருக்கிறது.

1979 ஜனவரியில் கே. எஃப். ருஸ்தம்ஜி என்பவர் இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழில் பீகார் சிறைகளைப் பற்றி எழுதினார். குற்றம் நிரூபிக்கப்படாமலே ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த விசாரணைக் கைதிகளின் நிலையை அவர் வெளிப்படுத்தினார். சிலர், தம்மீது சாட்டப்பட்ட குற்றத்திற்குரிய முழுத் தண்டனைக் காலத்தைவிட அதிக நாட்கள் சிறையில் இருந்துவிட்டனர்! ஜாமீன் கட்டப் பணமில்லை. வாதாட வழக்கறிஞர் இல்லை. ஒரு குற்றமும் செய்யாத பெண்கள் சிலரும், சாட்சி சொல்ல வேண்டியவர்கள் என்பதற்காகப் "பாதுகாப்பு" என்ற பெயரில் சிறை வைக்கப்பட்டிருந்தனர்.

இச்செய்தியைப் படித்தவர் பலர். படித்துவிட்டு உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியவர் புஷ்பா கபிலா ஹிங்கோரானி என்னும் பெண் வழக்கறிஞர். அக்கைதிகள் அவருக்கு உறவினர் அல்லர், கட்சிக்காரரும் அல்லர். பாதிக்கப்பட்டவரோ அவருடைய உறவினரோதான் வழக்குத் தொடரலாம் என்று கருதப்பட்ட காலம் அது. ஆயினும் அவர் தயங்கவில்லை. கைதிகளுள் ஒருவரான ஹுஸைனாரா காதூன் பெயரால் அவ்வழக்கு வழங்கப்படுகிறது. விரைவான விசாரணை மனிதனின் வாழ்வுரிமையைச் சேர்ந்தது என்றும், ஏழைக்கு இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பது நியாயமான விசாரணையின் பகுதி என்றும் நீதிபதி பி. என். பகவதி தீர்ப்பளித்தார். இதன் பயனாக ஏறத்தாழ 40,000 விசாரணைக் கைதிகள் விடுதலை பெற்றனர். ஒருவர் செலவிட்ட நேரம் எத்தனை குடும்பங்களுக்கு விளக்கேற்றியது பாருங்கள்!

இத்தொண்டு புதிதன்று. பிரான்சு நாட்டின் பிரிட்டனிப் பகுதியில் 1253-இல் பிறந்த புனித இவோ, ஏழைகளுக்காகக் கட்டணமின்றி வாதாடியதால் "ஏழைகளின் வழக்கறிஞர்" எனப் பெயர் பெற்றார். 1347-இல் புனிதராக உயர்த்தப்பட்ட அவரே வழக்கறிஞர்களின் பாதுகாவலர். அவருடைய திருநாள் மே 19.

நம் நாட்டுப் பார் கவுன்சில் விதிகளும், தம் வசதிக்கு உட்பட்டு ஏழைகளுக்கு இலவசமாக உதவுவது வழக்கறிஞரின் உயர்ந்த கடமைகளுள் ஒன்று என்றே கூறுகின்றன. "வசதிக்கு உட்பட்டு" என்ற சொல்லை நாம் கவனிக்க வேண்டும். புதிதாகத் தொழிலுக்கு வந்த இளைஞருக்கு வருமானம் குறைவு. ஆகவே மூத்தவர்கள் முன்னின்று வழிகாட்டி, இளையவர்களை உடன் சேர்த்துக்கொள்வதே முறை. இளையவருக்கு அனுபவம் கிடைக்கும். ஏழைக்கு நல்ல ஆலோசனை கிடைக்கும்.

வழக்கறிஞர்களை ஊக்குவிக்க வழிகள் பல உண்டு. முதலாவது, சிறிதளவு நேரமே கேட்பது. அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் தன் உறுப்பினரிடம் எதிர்பார்ப்பது ஆண்டுக்கு 50 மணி நேரம்; அதாவது வாரத்திற்கு ஏறத்தாழ ஒரு மணி. இரண்டாவது, வேலையைப் பகிர்வது. நீதிமன்றத்தில் நின்று வாதாட நேரமில்லாதவர் ஒரு நோட்டீஸ் எழுதித் தரலாம். ஒரு பத்திரத்தைப் படித்து விளக்கலாம். மூன்றாவது, கைச்செலவைக் குறைப்பது. சட்டப் பணிகள் ஆணையத்தின் வழியாகச் செல்லும் வழக்குகளில் நீதிமன்றக் கட்டணத்தை ஆணையமே ஏற்கிறது. நான்காவது, ஏழையையும் வழக்கறிஞரையும் இணைத்து வைப்பது. 2017-இல் மத்திய அரசு தொடங்கிய "நியாய பந்து" திட்டத்தில், கட்டணமின்றி உதவ விரும்பும் வழக்கறிஞர்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம்.

மாணவியராகிய நம்மாலும் ஆவது உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத அண்டை வீட்டாரின் காகிதங்களைத் தேதி வாரியாக அடுக்கி, நடந்ததை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுக்கலாம். அந்த ஒரு பக்கம் வழக்கறிஞரின் நேரத்தைப் பெரிதும் மிச்சப்படுத்தும். பள்ளிகளும் பங்குகளும் மாதம் ஒரு நாள் தம் மண்டபத்தைத் தந்தால், அங்கே ஆலோசனை முகாம் நடத்தலாம்.

ஒன்றை மட்டும் மறக்கலாகாது. இலவசம் என்பதற்காக வேலை அரைகுறையாக இருத்தல் கூடாது. பணம் தருபவரின் வழக்கை எவ்வளவு அக்கறையோடு படிக்கிறாரோ, அவ்வளவு அக்கறையோடு ஏழையின் வழக்கையும் படிப்பவரே உண்மையான தொண்டர்.

நம் பெற்றோரிடையே வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். நம் வகுப்பறைகளிலிருந்தும் நாளை கறுப்பு அங்கி அணியப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரையும் வாரத்திற்கு ஒரு மணி நேரம் கேட்போம். சிறைக் கம்பிக்குப் பின்னால் தன் பெயர் அழைக்கப்படும் நாளை எண்ணிக் காத்திருப்பவருக்கு, அந்த ஒரு மணி நேரம் ஒரு வாழ்நாளாக இருக்கக்கூடும்.